துக்க வீட்டில் கணக்குக் கேட்கலாமா?

செங்கத்திலிருந்து குப்பநத்தம் அணைக்குப் போகிற சாலையை ஒட்டிய ஊர் எங்களுடையது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊராட்சித் தலைவர் மாரடைப்பில் இறந்துபோனார். கருமாதி முடிந்த மூன்றாம் நாள், ஊர்ப் பெரியவர்கள் நான்கைந்து பேர் அவர் வீட்டுக்குப் போய் அவருடைய மனைவியிடம் பேசினார்கள். "இடைத்தேர்தல் வருதும்மா. நீ நில்லு. நீ நின்னா ஊரே போடும்."

அந்த அக்கா அதுவரை ஊராட்சி அலுவலகத்தின் படி ஏறியதில்லை. வேண்டாம் என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தார். கடைசியில் நின்றார். பூட்டுச் சாவி சின்னம். எதிர்த்து இருவர் நின்றார்கள். அவர்களில் ஒருவர் மகளிர் சுயஉதவிக் குழுவை ஏழெட்டு வருடம் நடத்தியவர், வங்கிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கும் தனியாகப் போய் வேலை முடித்துவரத் தெரிந்தவர். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் பூட்டுச் சாவிக்குத்தான் போட்டேன். வாக்குச்சாவடிக்குள் என் கண் முன் வந்தது ஒரே காட்சிதான்: பத்தாம் நாள் விடியற்காலையில் கிணற்றடியில் அந்த அக்காவை உட்காரவைத்து, பூவையும் பொட்டையும் எடுத்த காட்சி. அந்தக் கொடுமைக்கு ஏதாவது ஈடு செய்ய வேண்டும் என்று நினைத்தேன். கையில் இருந்தது ஒரு வாக்கு.

அடுத்த கோடையில் எங்கள் தெரு மோட்டார் எரிந்துபோனது. பதினெட்டு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. பக்கத்துத் தெருவுக்குக் குடம் தூக்கினோம். தூக்கியவர்கள் எல்லோரும் பெண்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பழைய தலைவராக இருந்திருந்தால் மூன்றாம் நாளே காலிக் குடங்களோடு அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருப்போம். இந்த முறை யாரும் போகவில்லை. "பாவம், அதுவே புருஷன பறிகொடுத்துட்டு நிக்குது. அதுகிட்ட போயி என்னத்த கேக்கறது?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. துக்க வீட்டில் கணக்குக் கேட்பார்களா?

அந்தப் பதினெட்டு நாளில்தான் இந்தக் கேள்வி எனக்குள் வந்தது. காலியான ஓர் இடத்தை நிரப்ப வாக்களிக்கிறோமே, உண்மையில் யாருக்கு என்ன கொடுக்கிறோம்? அனுதாபத்தால் கொடுத்த வாக்கு ஒரு பெண்ணுக்கு அதிகாரத்தைக் கொடுக்கிறதா, இல்லை, நம்மிடமிருந்தும் அவளிடமிருந்தும் எதையோ பறித்துக்கொள்கிறதா?

ஊராட்சியில் நடந்தது சிறிய விஷயம். நாடாளுமன்றத்தில் ஓர் இடம் காலியாகும்போதும் இதேதான் பெரிய அளவில் நடக்கிறது. அதனால் சட்டம் இந்தக் காலியிடத்தை எப்படிப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 101-ஆவது பிரிவு, ஓர் உறுப்பினரின் இடம் எப்போதெல்லாம் காலியாகும் என்று சொல்கிறது. அதில் ஒன்று, அவையின் அனுமதி இல்லாமல் 60 நாள் கூட்டங்களுக்கு வராமல் இருந்தால், அந்த இடம் காலியானதாக அவை அறிவிக்கலாம் என்பது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996-இல் சேர்க்கப்பட்ட 151ஏ பிரிவு, காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது. மிச்சமிருக்கும் பதவிக்காலம் ஓர் ஆண்டுக்கும் குறைவாக இருந்தாலோ, அந்த அவகாசத்துக்குள் நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்து தேர்தல் ஆணையம் சான்றளித்தாலோ மட்டும் விலக்கு உண்டு. இந்தப் பிரிவுகளில் எங்கேயும் குடும்பம் என்ற பேச்சு கிடையாது. சட்டத்தின் பார்வையில் இழப்பு தொகுதி மக்களுடையது. அவர்கள் சார்பில் பேச ஆள் இல்லாமல் போய்விட்டது. அதுதான் சட்டத்தின் கவலை.

அந்த இழப்பு எப்படிப்பட்டது என்பதற்குத் தொலைவில் தேட வேண்டாம். எங்கள் ஜவ்வாது மலையின் மறுபக்கம் வேலூர் மக்களவைத் தொகுதி. 2019 ஏப்ரலில், கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதால் அங்கே மட்டும் தேர்தல் ரத்தானது. ஆகஸ்ட் 5-ஆம் தேதிதான் மறுபடி நடந்தது. புதிய மக்களவை ஜூன் 17-ஆம் தேதியே கூடிவிட்டது. ஜூலை 25 அன்று முத்தலாக் மசோதா மக்களவையில் நிறைவேறியது. முஸ்லிம் பெண்களின் மணவாழ்க்கையைப் பற்றிய சட்டம் அது. முஸ்லிம் மக்கள் பெருமளவில் வாழும் வாணியம்பாடியும் ஆம்பூரும் அடங்கிய வேலூர்த் தொகுதிக்கு அன்று அவையில் உறுப்பினரே இல்லை. ஆதரித்தோ எதிர்த்தோ அந்தத் தொகுதியின் பெண்களுக்காக ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. புனேயில் இன்னும் மோசம். 2023 மார்ச்சில் அங்கே உறுப்பினர் கிரீஷ் பாபட் இறந்தார். இடைத்தேர்தல் நடத்தப்படவில்லை. உடனே நடத்துங்கள் என்று மும்பை உயர் நீதிமன்றம் அந்த டிசம்பரில் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2024 பொதுத்தேர்தல் வரை அந்த இடம் காலியாகவே கிடந்தது.

ஆக, ஓர் இடம் காலியானால் வாயிழந்து நிற்பவர்கள் தொகுதி மக்கள். ஆனால் கட்சிகள் வேட்பாளரைத் தேடும்போது தொகுதியைப் பார்ப்பதில்லை, இறந்தவரின் வீட்டைப் பார்க்கின்றன. நாமும் அங்கேதான் பார்க்கிறோம்.

2021 ஏப்ரலில் நடந்த இரண்டு மக்களவை இடைத்தேர்தல்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். கன்னியாகுமரி உறுப்பினர் எச். வசந்தகுமார் 2020 ஆகஸ்டில் கொரோனாவால் இறந்தார். கர்நாடகத்தின் பெலகாவி உறுப்பினரும் ரயில்வே இணை அமைச்சருமான சுரேஷ் அங்கடி அதே நோயால் செப்டம்பரில் இறந்தார். கன்னியாகுமரியில் காங்கிரஸ், வசந்தகுமாரின் மகன் விஜய் வசந்தை நிறுத்தியது. பெலகாவியில் பாஜக, அங்கடியின் மனைவி மங்களா அங்கடியை நிறுத்தியது. இருவரும் வென்றார்கள். 2024 பொதுத்தேர்தல் வந்தது. விஜய் வசந்த் மறுபடியும் நின்றார், வென்றார். பெலகாவியில் மங்களா அங்கடிக்கு இடம் கிடைக்கவில்லை. முன்னாள் முதல்வரும் அவருடைய சம்பந்தியுமான ஜெகதீஷ் ஷெட்டருக்கு அது போனது.

இவர்களில் யாரையும் நான் குறை சொல்லவில்லை. கட்சிகள் வேறு, மாநிலங்கள் வேறு, காரணங்களும் வேறாக இருக்கலாம். ஆனால் இந்த வரிசை நம் வீடுகளில் பார்த்துப் பழகியதாக இருக்கிறதே! கொள்ளி வைத்தவனுக்கு இடம் நிலைக்கிறது. மனைவிக்குக் கிடைப்பது அடுத்த ஆண் வரும்வரை பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் திருத்தியது. சொத்துக்கே அப்படி ஆகிவிட்டது. யாருடைய சொத்தும் அல்லாத நாடாளுமன்ற இடம் மட்டும் இன்னும் அதற்கு முந்திய வழக்கப்படி கைமாறுகிறது. விதிவிலக்குகள் உண்டு. மகாராஷ்டிரத்தின் பீட் தொகுதியில் கோபிநாத் முண்டே இறந்தபின் 2014-இல் அவர் மகள் பிரீதம் முண்டே பெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மகளானாலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அனுதாபம் என்பது நல்ல குணம்தானே, அதில் என்ன தவறு என்று தோழிகள் கேட்பார்கள். அடுத்தவர் துயரைத் தன் துயராக உணர்வதைப் பெண்ணியம் ஒருநாளும் தள்ளிவைத்ததில்லை. நானும் தள்ளவில்லை. ஆனால் இந்த அனுதாபம் யாருக்குச் சுரக்கிறது, யாருக்குச் சுரப்பதில்லை என்று பார்க்க வேண்டாமா?

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் சிறப்புப் படை தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்டப் போனவர்கள் என்றது காவல்துறை. அந்த 20 பேரில் பலர் எங்கள் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். ஒரே நாளில் அத்தனை பெண்கள் தாலியறுத்தார்கள். அவர்களில் ஒருத்தியை எந்தக் கட்சியாவது எந்தத் தேர்தலிலாவது நிற்கக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று நமக்கு ஏன் தோன்றவே இல்லை? கூலிக்காக ஆண்கள் ஏன் மாநிலம் தாண்டிக் காட்டுக்குள் போகிறார்கள் என்று அந்தப் பெண்களை விடத் தெளிவாக யாரால் நாடாளுமன்றத்தில் சொல்ல முடியும்? கணவனை இழந்த ஏழைப் பெண்ணுக்கு அரசு தருவது மாதாமாதம் ஒரு சிறு உதவித்தொகை. கணவனை இழந்த அரசியல் குடும்பத்துப் பெண்ணுக்குக் கட்சி தருவது வேட்பாளர் இடம். இரண்டு பேருடைய துக்கமும் ஒரே துக்கம்தான். அப்படியானால் தேர்தலில் வேலை செய்வது துக்கம் அல்ல, இறந்த ஆணின் செல்வாக்கு. அனுதாப அலை என்று நாம் சொல்வது அந்தச் செல்வாக்கைத்தான்.

இதை வைத்துக்கொண்டு, அந்த வாசல் வழியாக வந்த பெண்களை எல்லாம் ஏளனம் செய்வதும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஏனென்றால் பல நாடுகளில் பெண்கள் அவைக்குள் நுழைந்ததே இந்த வாசல் வழியாகத்தான். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மக்களவையில் முதன்முதலாக இடத்தில் அமர்ந்த பெண் நான்சி ஆஸ்டர். அவர் கணவர் பிரபு பட்டம் பெற்று மேலவைக்குப் போக நேர்ந்ததால் காலியான பிளிமத் தொகுதியில், 1919 நவம்பர் இடைத்தேர்தலில் நின்றார். இலங்கையில் 1931-இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அட்லின் மொலமுரே, தந்தையின் மறைவால் காலியான இடத்துக்கு வந்தவர். இரண்டாமவர் நேசம் சரவணமுத்து. தேர்தல் வழக்கில் கணவர் பதவி இழந்ததால் காலியான வடகொழும்பில், 1932 இடைத்தேர்தலில் வென்றார். முதல் பெண் தந்தையின் இடத்துக்கு, அடுத்தவர் கணவரின் இடத்துக்கு. இருவருக்கும் இடைத்தேர்தல்தான் கதவு திறந்தது.

நான்சி ஆஸ்டரின் கருத்துகள் பலவற்றை என்னால் ஏற்க முடியாது. ஆனாலும் அவர் 1945 வரை அந்த அவையில் இருந்தார். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது என்ற 1923-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் கொண்டுவந்த மசோதாதான். எந்த வாசல் வழியாக வந்தாள் என்பதை விட, உள்ளே போய் என்ன செய்தாள் என்று கேட்பதே ஒரு பெண்ணுக்கு நாம் காட்டக்கூடிய மரியாதை. ஆனால் அப்படிக் கேட்க வேண்டுமானால் முதலில் நாம் கேட்கத் தயாராக இருக்க வேண்டும். அனுதாப வாக்கு கெடுப்பது இந்தத் தயார்நிலையைத்தான்.

எங்கள் பக்கத்தில் மொய் எழுதுவது ஒரு கடன். நம் வீட்டு விசேஷத்தில் ஒருவர் வைத்ததை அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பி வைத்துவிட்டால் நோட்டில் அந்தக் கணக்கை அடித்துவிடலாம். அனுதாப வாக்கும் அப்படித்தான். இறந்தவர் ஊருக்குச் செய்த நல்லதுக்கு ஒரு மொய். போட்டாயிற்று, கணக்கு முடிந்தது. பணம் வாங்கிக்கொண்டு போடும் வாக்கிலும் இதுவே நடக்கிறது. 2009 திருமங்கலம் இடைத்தேர்தல் தமிழ்நாட்டுக்கு ஒரு ‘ஃபார்முலா’வைக் கற்றுக்கொடுத்தது. ஜெயலலிதா மறைவால் காலியான ஆர்.கே. நகரில் 2017 ஏப்ரலில் நடக்க இருந்த இடைத்தேர்தல், பணப் பட்டுவாடா காரணமாக ரத்தாகி டிசம்பரில்தான் நடந்தது. கவரை வாங்கியவள் பிறகு போய்க் கேட்டால், "அதான் கொடுத்தாச்சே" என்பார்கள். அனுதாபத்தில் போட்டவளைத் தடுக்க வேறு யாரும் வேண்டாம். "பாவம், அவங்ககிட்ட போயி…" என்று அவளே தன் வாயை மூடிக்கொள்வாள். கவர் அவமானம் என்று நமக்குத் தெரியும். அனுதாபம் நல்ல மனசு போலத் தெரிவதால் அதைச் சந்தேகிக்க மறந்துவிடுகிறோம்.

வாக்கு முடிகிற கணக்கல்ல, தொடங்குகிற கணக்கு. உன்னை அனுப்புகிறேன், உன்னிடம் கேட்பேன் என்ற ஏற்பாடு. கேள்வி கேட்கப்படாத பிரதிநிதி, பிரதிநிதியாகவே ஆவதில்லை.

துக்கமும் தகுதியும் ஒரே பெண்ணிடம் சேர்ந்திருந்த ஓர் இடைத்தேர்தல் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. 1973 மே 31 அன்று டெல்லி அருகே ஒரு விமானம் விழுந்தது. மத்திய அமைச்சரும் புதுச்சேரி உறுப்பினருமான மோகன் குமாரமங்கலம் இறந்தார். அதே விமானத்தில் கோவை உறுப்பினர், கம்யூனிஸ்ட் தலைவர் கே. பாலதண்டாயுதமும் இறந்தார். 1974-இல் கோவையில் இடைத்தேர்தல் வந்தபோது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி பார்வதி கிருஷ்ணனை நிறுத்தியது. அவர் மோகன் குமாரமங்கலத்தின் தங்கை. அந்த விபத்தில் அண்ணனைப் பறிகொடுத்தவர். ஆனால் அவர் நின்றது அண்ணனின் தொகுதியில் அல்ல. 1957-இலேயே தான் வென்ற கோவையில், தான் தொழிற்சங்க வேலை செய்த ஊரில், தன் கட்சித் தோழர் விட்டுச்சென்ற இடத்துக்கு நின்றார். வென்றார். 1977 பொதுத்தேர்தலிலும் அங்கேயே வென்றார். துக்கம் அவருக்கும் இருந்தது. அதை வாக்காக மாற்ற வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

இன்னொன்று அண்மையில் நடந்தது, சட்டமன்றத்துக்கு. 2024-இல் விளவங்கோடு உறுப்பினர் விஜயதரணி கட்சி மாறி விலகியதால் வந்த இடைத்தேர்தலில் காங்கிரஸ், பாஜக, அதிமுக, நாம் தமிழர் ஆகிய நான்கு கட்சிகளும் பெண்களையே நிறுத்தின. தாரகை கத்பர்ட் வென்றார். யாரும் யாருடைய விதவையாகவும் நிற்கவில்லை. ஒரு பெண்ணை இன்னொரு பெண்ணோடு ஒப்பிட்டு, இவளை விட அவள் தேவலை என்று வாக்காளர் முடிவு செய்ய முடிந்தது. இதுவே நமக்கு அதிசயமாகத் தெரிகிறது என்றால் மற்ற நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

எங்கள் செங்கம் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. இங்கே நிற்கிற ஒரு தலித் வேட்பாளர் யாருடைய இரக்கத்தையும் கேட்டு நிற்பதில்லை. அரசமைப்புச் சட்டம் கொடுத்த உரிமையில் நிற்கிறார். அதனால் அவரிடம் தயங்காமல் கேள்வி கேட்கலாம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை மாற்றலாம். உரிமையும் கருணையும் வேறுபடுகிற இடம் இதுதான். கருணையால் வந்தவர் நன்றியோடு இருக்க வேண்டும். உரிமையால் வந்தவர் பொறுப்போடு இருந்தால் போதும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 2023-இல் நிறைவேறிய 106-ஆவது அரசமைப்புத் திருத்தம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடியட்டும் என்று சொல்லி எழுதப்பட்டது. 2024-இல் மக்களவைக்குத் தேர்வான 543 பேரில் பெண்கள் 74. தமிழ்நாட்டின் 39 பேரில் 5. எங்கள் திருவண்ணாமலை மக்களவைத் தொகுதி 2014 பொதுத்தேர்தலில் வனரோஜாவை அனுப்பியது. ஒரு பெண்ணை டெல்லிக்கு அனுப்ப யாரும் சாக வேண்டியதில்லை என்று எங்களுக்குத் தெரியும்தான். ஆனால் உரிமை தாமதமாகும்வரை பல பெண்களுக்குக் கட்சிகள் காட்டப்போவது அந்தத் துக்க வீட்டு வாசலைத்தான்.

எங்கள் ஊர் அக்காவின் கதையை முடிக்கிறேன். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 கிராமசபையில் வழக்கம்போல அவருடைய கொழுந்தனார் தீர்மானங்களை வாசித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கையெழுத்து வாங்கப் பதிவேடு சுற்றி வந்தபோது அக்கா எழுந்தார். "எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப இந்தக் கூட்டத்துல சண்டை போடாத ஆளு இல்ல. மோட்டார் எரிஞ்சி பதினெட்டு நாளு ஆச்சி, ஒருத்தரும் எங்கிட்ட வரல. எனக்குச் சொல்லவும் இல்ல. நான் தலைவரா, இல்ல இன்னும் என்ன துக்க வீட்லயே உக்கார வச்சிக்கினு இருக்கீங்களா?"

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு சுயஉதவிக் குழு நடத்திய அந்தப் பெண், தேர்தலில் அவரிடம் தோற்றவர், எழுந்து மோட்டார் பழுது பார்த்த செலவுக் கணக்கைக் கேட்டார். கொழுந்தனார் பதில் சொல்ல வாயெடுத்தார். அக்கா கையைக் காட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, "எனக்கு இப்பத் தெரியாது. பில்லப் பாத்துட்டு வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றார். வெள்ளிக்கிழமை சொன்னார். கணக்கு முழுக்கச் சரியாக இல்லை. அதன் பிறகும் கொழுந்தனாரின் தலையீடு நின்றுவிடவில்லை. ஆனால் நாங்கள் கேட்பதை நிறுத்தவில்லை, அவரும் பதில் சொல்வதை நிறுத்தவில்லை.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அன்று எங்கள் ஊரில் காலியானது அந்த அக்காவின் இடம், அவருடைய கணவரின் இடம் அல்ல. மறுபடியும் நிற்பீர்களா என்று கேட்டேன். "நின்னா போடுவியா?" என்றார். "நீங்க என்ன செய்யப்போறீங்கன்னு கேட்டுட்டுதான் போடுவேன்க்கா" என்றேன். சிரித்தார். "கேளு. இந்தத் தடவ மொதல்லயே கேளு."